மலேசியா, தாய்லாந்து போகிறோம்: வயித்தைக் காப்பாற்றுவது எப்படி? (திருகோணமலை ஆட்கள் கட்டாயம் பதில் போடவும்)

உவர்மலைக்காரி
அடுத்த மாதம் குடும்பமாக ஐந்து பேர் போகிறோம். நான், அவர், அம்மா (68 வயது), மகள், 6 வயது மகன். 11 நாள். பத்துமலை, பினாங்கு, பிறகு பாங்கொக். ரிக்கெற் எடுத்தாயிற்று, ரூம் போட்டாயிற்று. மிச்சம் இருக்கிற பயம் சாப்பாடு ஒன்றுதான்.

பயப்படக் காரணம் இருக்கிறது. போன வருடம் சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, வான் பிடித்துச் சிதம்பரம் புறப்பட்டோம். புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் பானிபூரி சாப்பிட்டோம். கடலூர் தாண்டவில்லை, வானுக்குள்ளேயே சத்தி (வாந்தி). ஒருவர் மாறி ஒருவர். ஒரு கிளினிக்கில் சேலைன் ஏற்றி, அடுத்த நாள் சென்னைக்குத் திரும்பி வந்தோம். நடராஜரைப் பார்க்கவே இல்லை. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் கவலைப்படுவார்.

இந்த முறை ரோட்டுக்கடை பக்கமே போவதில்லை, மூன்று நேரமும் ஹோட்டல் பஃபே மட்டும்தான் என்று அவர் சட்டம் போட்டிருக்கிறார். பினாங்குக்குப் போய் ரோட்டுக்கடையில் சாப்பிடாமல் வருவது கோணேசர் கோயிலுக்குப் போய் கடலைப் பார்க்காமல் வருகிற மாதிரி என்று தங்கச்சி சொல்கிறாள். யார் சொல்வது சரி?

மட்டிக்களி மன்னன்
தங்கச்சி சொல்வது சரி. அடுத்த கேள்வி?

டொரொண்டோ மாமா
பிள்ளை, நான் வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருகிறவன். சொல்கிறேன் கேள். புறப்படுகிற அன்றே சிப்ரோ என்ற அன்டிபயோட்டிக் குளிசை தொடங்கிவிடு, நாளுக்கு ஒன்று, திரும்பி வரும் வரைக்கும். நான் அப்படித்தான். ஒன்றும் வராது. தண்ணீர் போத்தல் தண்ணீர் மட்டும். பல் தீட்டவும் அதுதான்.

நிலாவெளிப் பொடியன்
அக்கா, நான் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் 7 வருடம் வேலை. பெயர் வேண்டாம். உங்கள் அவருக்கு ஒன்று சொல்லுங்கள்: பஃபே என்றால் பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது.

பஃபே தட்டுக்குக் கீழே தண்ணீர்த் தட்டு ஒன்று இருக்கும், அதற்கும் கீழே ஒரு சின்ன எரிபொருள் டப்பா. தண்ணீர் கொதித்து ஆவி வந்தால்தான் மேலே கறி சூடாக நிற்கும். எங்கள் இடத்தில் சீசன் இல்லாத மாதங்களில் அந்த டப்பாவைப் பாதி நாள் கொளுத்துவதில்லை. மூடி பளபளவென்று இருக்கும். திறந்தால் ஆவி வராது. காலை 7 மணிக்கு வைத்த முட்டைப்பொரியல் பத்து மணிக்கும் அதே தட்டில்தான். மேலே புதிசாகக் கொஞ்சம் கொட்டிக் கிளறிவிடுவோம், பழையது அடியில் கிடக்கும். பிறகு கரண்டி. 60 பேர் பிடித்த கரண்டி.

வெள்ளைக்காரர் எங்களிடம் சலாட் தின்றுவிட்டு இரண்டு நாள் கட்டிலில் கிடப்பார்கள். தக்காளியும் சலாட் இலையும் கழுவினது கிணற்றுத் தண்ணீரில். அதே சலாட்டை நாங்கள் குசினியில் நின்று தின்கிறோம், ஒன்றும் இல்லை. இது எங்களுக்குப் பழகின கிருமி. அந்தக் கதைதான் பாங்கொக்கில் திரும்பி நடக்கும். அங்கே நீங்கள்தான் வெள்ளைக்காரர்.

மட்டிக்களி மன்னன்
"அங்கே நீங்கள்தான் வெள்ளைக்காரர்". 😂 இதைப் போய் வீட்டில் சொன்னேன், மனிசி கண்ணாடி பார்க்கிறா.

இரவுப்பணித் தாதி
டொரொண்டோ மாமா, கோபிக்க வேண்டாம், ஆனால் அந்தச் சிப்ரோ யோசனையை யாரும் செய்யக் கூடாது. மூன்று காரணம்.

தாய்லாந்துப் பக்கம் பயணிகளுக்கு வரும் வயித்தோட்டத்தில் கம்பிலோபாக்டர் என்ற கிருமி முக்கியமானது, அது பெரும்பாலும் சிப்ரோவுக்கு அடங்காது. வராத நோய்க்கு அன்டிபயோட்டிக் குடித்தால் வயிற்றில் இருக்கிற நல்ல கிருமிதான் முதலில் சாகும், அந்த இடத்தில் மருந்துக்கு அடங்காத கிருமி குடியேறி உங்களோடு வீட்டுக்கு வரும். மூன்றாவது, அந்தக் குளிசைக்கே தசைநாரைப் பாதிக்கும் பக்கவிளைவு உண்டு. 11 நாள் படி ஏறப் போகிற குடும்பத்துக்கு அது தேவையா? பத்துமலையில் 272 படி.

உவர்மலைக்காரி, அம்மா என்ன குளிசை குடிக்கிறார்? பிரஷர், சீனி, காஸ்ட்ரிக்?

டொரொண்டோ மாமா
நான் 15 வருடமாகக் குடிக்கிறேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

இரவுப்பணித் தாதி
15 வருடமும் சமைத்தது உங்கள் அக்கா. குளிசைக்குப் புகழ் கொடுக்காதீர்கள்.

உவர்மலைக்காரி
அம்மாவுக்கு பிரஷர் குளிசை, சலம் போகிற குளிசை ஒன்று, காலையில் வெறும் வயிற்றில் ஒமேபிரசோல். சீனி இல்லை.

பழைய பீஎச்ஐ
வணக்கம். 31 வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மூதூர், குச்சவெளி, பிறகு பட்டினமும் சூழலும். தங்கச்சி, உங்கள் கதையில் எனக்கு ஒரு இடம் உதைக்கிறது. பானிபூரி எத்தனை மணிக்கு? முதல் சத்தி எத்தனை மணிக்கு, யார்? அன்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள்? முக்கியமாக, யாருக்கு ஒன்றும் வரவில்லை?

உவர்மலைக்காரி
ஐயா, கணக்காகச் சொல்கிறேன், போனில் படங்கள் இருக்கின்றன, நேரம் விழுந்திருக்கிறது. பானிபூரி 2.40. முதல் சத்தி அம்மா, 3.15 இருக்கும். பிறகு மகள், பிறகு நான், அவர். வயித்தோட்டம் பெரிதாக இல்லை, சத்திதான். இரவு 10 மணியோடு எல்லாம் நின்றுவிட்டது.

காலையில் இட்லி, சுடச்சுட. மத்தியானம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சவுக்குத் தோப்பில் வானை நிற்பாட்டிச் சாப்பிட்டோம். மச்சாள் கட்டித்தந்த எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல். 12.30 போல.

மகனுக்கு ஒன்றும் வரவில்லை. டிரைவருக்கும் இல்லை.

பழைய பீஎச்ஐ
மகனும் டிரைவரும் பானிபூரி சாப்பிட்டார்களா?

உவர்மலைக்காரி
டிரைவர் இரண்டு தட்டு. மகன் நாலு பூரி, அந்தத் தண்ணீரோடு.

ஐயோ. அம்மா பானிபூரி சாப்பிடவில்லை. இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அவருக்கு அந்தத் தள்ளுவண்டியைப் பார்த்ததும் அருவருப்பு, வானை விட்டே இறங்கவில்லை.

சூரை
இந்த இழை இப்போது துப்பறியும் கதையாகிவிட்டது. பிளேன்ரீ போட்டுக்கொண்டு வருகிறேன், யாரும் முடித்துவிடாதீர்கள்.

பழைய பீஎச்ஐ
மகன் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டானா?

உவர்மலைக்காரி
இல்லை. புளிக்கிறது என்று துப்பிவிட்டு பணிஸ் தின்றான். டிரைவர் தன்னுடைய சாப்பாடு கொண்டுவந்திருந்தார்.

பழைய பீஎச்ஐ
அப்ப பானிபூரிக்காரனை விட்டுவிடுங்கள்.

பானிபூரி சாப்பிட்ட ஆறு வயதுப் பிள்ளைக்கும் டிரைவருக்கும் ஒன்றுமில்லை, சாப்பிடாத அம்மாதான் முதலில் சத்தி எடுத்தார். சாதம் சாப்பிட்ட நாலு பேரும் விழுந்தார்கள், சாப்பிடாத இருவரும் தப்பினார்கள். நாங்கள் கலியாண வீட்டு நஞ்சாதல் விசாரிக்கப் போனால் இதைத்தான் செய்வோம்: ஒரு தாளில் கோடு போட்டு, தின்றவன், தின்னாதவன், விழுந்தவன், விழாதவன். அதிகமாக வீட்டுக்காரர் கை காட்டுகிற சாப்பாடு குற்றவாளியாக இருக்காது, ஏனென்றால் ஆட்கள் கடைசியாகத் தின்றதைத்தான் குற்றம் சொல்வார்கள்.

நேரமும் அதையே சொல்கிறது. தண்ணீரால், அழுக்குக் கையால் வருகிற ஈ. கோலை, சல்மோனெல்லா மாதிரிக் கிருமிகள் உள்ளே போய்ப் பெருகி வேலை காட்ட அரை நாளிலிருந்து இரண்டு மூன்று நாள் வரை எடுக்கும். 35 நிமிடத்தில் வராது. மூன்று மணித்தியாலத்துக்குள் சத்தி, காய்ச்சல் இல்லை, ஒரே நாளில் முடிந்தது என்றால், சாப்பாட்டிலேயே நஞ்சு முன்கூட்டி ஊறியிருக்கிறது. சோறு என்றால் முதல் சந்தேகம் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமி. அது அரிசியிலேயே வித்தாக இருக்கும், அவித்தாலும் அந்த வித்து சாகாது. சோறு ஆறி இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கிவிடும். அந்த நஞ்சு பிறகு வறுத்தாலும் தாளித்தாலும் போகாது. அரை மணியிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி.

சோற்றை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பாதபடியால் இது நீதிமன்றத்தில் நிற்காது. ஆனால் மச்சாளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: சோறு எப்போது அவித்தது?

உவர்மலைக்காரி
வட்ஸ்அப்பில் சாதுவாகக் கேட்டேன். முதல் நாள் இரவு 9 மணிக்கு அவித்தாராம். குக்கரோடு மேசையில் வைத்துவிட்டு, விடிய எழும்பித் தாளித்துக் கட்டினாராம். "ஏன் கேட்கிறாய்?" என்றார். சும்மா, ருசியாக இருந்தது என்று சொல்லிவிட்டேன். தயவுசெய்து யாரும் இந்த இழையை முகநூலில் பகிர வேண்டாம்.

கிண்ணியாக் காக்கா
ஒரு வருடமாக அந்தப் பானிபூரிக்காரன் ஏச்சு வாங்கியிருக்கிறான், பாவம்.

மட்டிக்களி மன்னன்
எலுமிச்சைச் சாதம் கெடாது என்றுதானே கட்டுச்சோற்றுக்கு அதைச் செய்வது? எங்கள் அம்மம்மா கதிர்காமப் பாதயாத்திரைக்கு அதுதான் கட்டுவா.

பழைய பீஎச்ஐ
அம்மம்மா விடிய மூன்று மணிக்கு எழும்பி அவித்திருப்பார். புளி, கிருமி பெருகுவதைத் தடுக்கும், உண்மை. ஆனால் இங்கே புளி விட்டது விடியத்தான், அதற்கு முன் எட்டு மணித்தியாலம் சோறு வெறுஞ்சோறாகச் சென்னைப் புழுக்கத்தில் மூடிக் கிடந்திருக்கிறது. ஊறின நஞ்சை எலுமிச்சை முறிக்காது.

கிண்ணியாக் காக்கா
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சி, நான் தம்மாமிலும் ஜித்தாவிலும் 14 வருடம் உணவகக் குசினியில் நின்றவன். குசினியின் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் வாடிக்கையாளர் பார்க்கிற இடம் வேறு, சாப்பாடு கெடுகிற இடம் வேறு. நிலம் பளிங்கா, பையன் கையுறை போட்டிருக்கிறானா என்று ஆட்கள் பார்ப்பார்கள். கையுறையோடு காசு வாங்கி, கோழியைத் தொட்டு, தலையைச் சொறிந்து, பிறகு சலாட்டை அள்ளுவான். கையுறை அவன் கையைக் காக்கிறது, உங்கள் வயிற்றை அல்ல.

நான் வெளியூரில் கடைக்குள் போனால் முதலில் பார்ப்பது எந்தச் சாப்பாடு ஓடுகிறது என்றுதான். 80 வகை எழுதியிருக்கிற மெனுவில் ஓடுகிறது ஆறு. மிச்சம் 74-க்கும் சாமான் பிரிஜ்ஜில் கிடந்து தூங்குகிறது. பக்கத்து மேசைக்காரன் எதைத் தின்கிறானோ அதைக் கேளுங்கள்.

ஷவர்மா விஷயம் தனி. அந்தக் கூம்பு வெளியே வெந்திருக்கும், உள்ளே பச்சை. ஆட்கள் குறைந்த நேரம் நெருப்பைத் தணித்துவிடுவோம், அப்போது உள்ளே இளஞ்சூடு, கிருமிக்குக் கொண்டாட்டம். கூட்டம் கூடினாலும் கரைச்சல், வேகும் முன் சீவச் சொல்லி முதலாளி நிற்பார். எனக்குத் தெரிந்த ஒரே வழி, சீவின இறைச்சியைத் தட்டையான சூட்டுத்தட்டில் இன்னொரு தடவை பிரட்டுகிற கடையில் வாங்குவது. மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸை நான் என் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன். 2022 மே மாதம் காசர்கோட்டில் ஷவர்மா தின்ற ஒரு பள்ளி மாணவி மௌத்தானது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கேரளம் 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது, தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8-இலிருந்து ஒரு வருடத்துக்குத் தடை போட்டது. 2024 ஏப்ரலில் ரியாத்தில் நடந்தது வேறு விதம், அங்கே மயோனைஸில் பொட்டுலிசம் என்ற நஞ்சு, ஆட்கள் மூச்சு விட முடியாமல் அவசர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்கள்.

உம்றாவுக்குப் போகிற எங்கள் ஆட்களுக்கும் சேர்த்து: ரோட்டோரம் விற்கிற பச்சை ஒட்டகப் பால் பரக்கத் என்று குடித்துவிட்டு வந்து, மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல் என்று படுக்காதீர்கள். காய்ச்சின பாலிலும் பரக்கத் இருக்கிறது.

சூரை
பிளேன்ரீ குடித்தாயிற்று. மீன் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான்.

அப்பா கடல்தொழிலாளி, வீட்டில் நாளும் மீன்தான், மீனில் எனக்கு என்ன தெரியாது என்ற திமிர். மாலைதீவில் ஒரு கட்டட வேலைக்குப் போயிருந்தேன். முகாமில் ஒரு நாள் சூரை மீன் கறி. முதல் வாயிலேயே நாக்கில் மிளகு கடித்த மாதிரி ஒரு விறுவிறுப்பு. காரம் கூட என்று நினைத்துத் தின்றேன். அரை மணி கழியவில்லை, முகம் சிவந்து, காது சுட்டு, நெஞ்சு படபடவென்று, தலை வெடிக்கிறது. பக்கத்தில் இருந்தவனுக்கும் அதே. டொக்டர், அலர்ஜிக்குப் போடுகிற பிரிட்டோன் மாதிரி ஒரு ஊசி போட்டார், இரண்டு மணியில் சரி. நான் எனக்கு மீன் அலர்ஜி வந்துவிட்டது என்று முடிவுகட்டி இரண்டு வருடம் மீனைத் தொடவில்லை. திருமலையில் பிறந்தவனுக்கு இதைவிடத் தண்டனை உண்டா?

பிறகுதான் ஒருவர் விளக்கினார். சூரை, கெலவல்லா, கும்பிளா மாதிரிச் சிவப்புச் சதை மீனைப் பிடித்தவுடன் ஐஸில் போடாவிட்டால், அதன் சதையில் கிருமி வேலை செய்து ஹிஸ்டமின் ஊறிவிடும். அலர்ஜி வரும்போது நம் உடம்பில் சுரக்கிற அதே சாமான், அதனால்தான் அலர்ஜி மாதிரியே இருக்கும். அவித்தாலும் பொரித்தாலும் டின்னில் அடைத்தாலும் போகாது. மணமும் காட்டிக்கொடுக்காது, மீன் நல்லதாகவே தெரியும். இப்போது நான் விடியக்காலை மீன் சந்தையில் வாங்கும்போது கண், செவுள் பார்ப்பதோடு, மீன் கிடக்கிற இடத்தையும் பார்க்கிறேன். ஐஸுக்குள் புதைத்து எடுத்ததா, ஐஸ் மேலே அலங்காரமாகக் கிடந்ததா? இரண்டும் ஒன்றல்ல.

அக்கா, மிளகு மாதிரி நாக்கு விறுவிறுத்தால் துப்பிவிடுங்கள். பாங்கொக்கிலும் சரி, இங்கேயும் சரி. பெரிய கலவாய், பெரிய சீலா மாதிரிப் பவளப்பாறை மீனும் வெளிநாட்டில் எனக்கு வேண்டாம். அதில் வருகிற நஞ்சுக்குக் குளிர்ந்த தண்ணீர் தொட்டாலே சுடுவது போல் இருக்குமாம்.

டொரொண்டோ மாமா
அப்ப ஒன்றுமே தின்ன ஏலாது போல. நூடில்ஸும் மீன் டின்னும் கொண்டு போ பிள்ளை.

இரவுப்பணித் தாதி
மாமா, பினாங்குக்கு மீன் டின்னா? விடுங்கள்.

உவர்மலைக்காரி, அம்மாவின் விஷயம்தான் எனக்குப் பெரிது, நீளமாக எழுதுகிறேன். ஒமேபிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைக்கும். அந்த அமிலம்தான் உள்ளே வருகிற கிருமியைக் கொல்லுகிற முதல் காவல். அதனால் உங்கள் எல்லோரையும்விட அம்மாவுக்கு லேசில் பிடிக்கும். உண்மையில் தேவையா, பயணத்துக்கு முன் நிற்பாட்டலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். இங்கே பாதிப் பேர் ஒரு காலத்தில் எழுதித் தந்ததை ஆயுள் முழுக்கக் குடிக்கிறார்கள். சலம் போகிற குளிசை இன்னும் கவனம். வயித்தோட்டத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது அதையும் குடித்தால் சிறுநீரகம் அடிவாங்கும். அப்படி வந்தால் அந்த நாட்களில் எந்தக் குளிசையை நிறுத்துவது என்று இப்போதே கேட்டு ஒரு துண்டில் எழுதி வையுங்கள். அங்கே போய் நடு இரவில் கேட்க ஆள் இருக்காது.

ஜீவனி (வயித்தோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்) 10 பக்கற் இங்கிருந்தே கொண்டுபோங்கள். பக்கற்றில் போட்டிருக்கிற அளவு தண்ணீர், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். உப்புக் குறையட்டும் என்று பாதிப் பக்கற்றைக் கரைத்துக் கொடுக்கிற தாய்மாரை வோட்டில் தினமும் பார்க்கிறேன். சத்தி எடுக்கிற பிள்ளைக்கு ஒரே மடக்கில் கொடுத்தால் அதுவும் வெளியே வரும், தேக்கரண்டியால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. கரைத்து 24 மணித்தியாலம் கடந்தால் ஊற்றிவிடுங்கள். பக்கற் கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் காய்ச்சி ஆறின தண்ணீர், மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1971-இல் வங்காள அகதி முகாமில் கொலரா வந்தபோது, சேலைன் தீர்ந்துபோய், திலீப் மகாலனாபிஸ் என்ற டொக்டர் இந்த உப்பு, சீனித் தண்ணீரைத் தாய்மார் கையில் கொடுத்து ஊட்டச் சொன்னார். 100 பேருக்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது 4 பேருக்கும் கீழே வந்தது.

வயித்தோட்டத்தை நிற்பாட்டும் லொபெரமைட் பெரியவர்களுக்கு, நீண்ட பஸ் பயணம் மாதிரித் தலைபோகிற நேரத்தில் மட்டும். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல் என்றால் தொடவே கூடாது, மகனுக்குக் கொடுக்கவே கூடாது. இரத்தம், காய்ச்சல், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை, பிள்ளை சோர்ந்து கண் சொருகுகிறான் என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. பயணக் காப்புறுதி எடுத்தீர்களா?

நெருப்புக்காய்ச்சலுக்கும் (டைபாய்ட்) ஹெப்படைடிஸ் ஏ செங்கமாரிக்கும் ஊசி இருக்கிறது, குறைந்தது இரண்டு கிழமைக்கு முன் போட வேண்டும். திரும்பி வந்து மூன்று கிழமை கழித்துக் காய்ச்சல் வந்தாலும் டொக்டரிடம் பயணம் போனதைச் சொல்லுங்கள். நெருப்புக்காய்ச்சல் அவ்வளவு நாள் பதுங்கும்.

மட்டிக்களி மன்னன்
சாப்பிட்டவுடன் ஒரு பெக் அடித்தால் கிருமி சாகும் என்று எங்கள் வான் டிரைவர் சொல்வார். உண்மையா தாதி அக்கா?

இரவுப்பணித் தாதி
இல்லை.

நிலாவெளிப் பொடியன்
ஐஸ் பற்றி யாராவது சொல்லுங்கள். எங்கள் விருந்தினர் முதல் கேட்பதே அதுதான்.

கிண்ணியாக் காக்கா
தாய்லாந்தில் நடுவில் ஓட்டை உள்ள குழாய் மாதிரி ஐஸ் வரும், அது தொழிற்சாலையில் சுத்தம் செய்த தண்ணீரில் செய்து பையில் அடைத்து வருவது, பெரும்பாலும் பிழையில்லை. பெரிய கட்டியை உடைத்துத் தூளாக்கினது எதற்கு வந்தது என்று தெரியாது, மீனுக்கு வந்ததாகவும் இருக்கும். நல்ல ஐஸையும் கையால் அள்ளிப் போட்டால் கதை முடிந்தது. பினாங்கில் ஐஸ் கச்சாங் (சீவின ஐஸில் செய்கிற இனிப்பு) தின்னாமல் வர மனம் கேட்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் கூட்டம் நிற்கிற கடையாகப் பார்த்துத் தின்றேன், தப்பினேன். உத்தரவாதம் கிடையாது.

பழைய பீஎச்ஐ
தங்கச்சி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ரோட்டுக்கடையா ஹோட்டலா என்று பிரிக்காமல், அடுப்பிலிருந்து இறங்கி எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 60 பாகைக்கு மேல் சூடு, அல்லது 5 பாகைக்குக் கீழே குளிர், நடுவில் நின்றால் இரண்டு மணித்தியாலம்தான் கணக்கு. பாங்கொக் வெயிலில் ஒரு மணித்தியாலம். கண் முன் தாச்சியில் நெருப்பு எழும்ப வறுத்து, தட்டில் போட்டு, வாய் சுடச்சுடத் தருகிறவன் ஐந்து நட்சத்திரக் குளிர் சலாட்டைவிட நல்லவன். விமானத்துக்குள்ளும் இதே கதைதான்: 1992 பெப்ரவரியில் புவனஸ் ஐரிஸிலிருந்து லீமா வழியாக லொஸ் ஏஞ்சலிஸ் போன ஒரு விமானத்தில் குளிர்ந்த கடலுணவுச் சலாட் தின்று 75 பேருக்குக் கொலரா வந்தது, ஒருவர் இறந்தார். சுடச்சுட வந்த சாப்பாடு அல்ல, குளிர்ந்த தட்டு.

பாங்கொக் பக்கம் பப்பாசிக்காய்ச் சலாட் கண் முன்னேதான் இடிப்பார்கள், ஆனால் பச்சை நண்டு போடுகிற வகை உண்டு, நண்டு வேண்டாம் என்று சொல்லலாம். ஆற்று மீனைப் பச்சையாகப் பிசைந்து தருகிற வடகிழக்குத் தாய்லாந்துச் சாப்பாட்டை மட்டும் ருசி பார்க்கவும் வேண்டாம். அதில் ஈரல் தட்டைப்புழு இருக்கும், அது வருடக்கணக்கில் உள்ளே இருந்து பித்தக்குழாய்ப் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

மலேசியாவில் கடைச் சுவரில் ஏ, பீ, சீ என்று தரம் ஒட்டியிருக்கும். இங்கே நாங்கள் எச் 800 படிவத்தில் போடுகிற மாதிரி. அங்கே உணவைக் கையாளுகிறவர்களுக்கு நெருப்புக்காய்ச்சல் ஊசி கட்டாயம், 2009-இல் வந்த விதி. தரத்தைப் பாருங்கள், ஆனால் அது பரிசோதகர் வந்த அன்றைய தரம். நான் போட்ட ஏ-க்களைப் பற்றி எனக்கே தெரியும்.

பழம் என்றால் நீங்களே தோல் உரிக்கிறது. மங்குஸ்தான், ரம்புட்டான், வாழைப்பழம். வெட்டிப் பையில் கட்டித் தொங்கவிட்ட அன்னாசி வேண்டாம், வெட்டின கத்தியை எந்த வாளித் தண்ணீரில் நனைத்தான் என்று பார்த்தால் போதும். ரூமில் கேத்தில் இருக்கும், தண்ணீர் கொதித்து ஒரு நிமிடம் துள்ளினால் குடிக்கலாம். சுனாமிக்குப் பிறகு முகாம்களில் கிணறு இறைத்துக் குளோரின் போட்டுத் திரிந்த நாட்களில், மருந்து வராத இடத்தில் நாங்கள் சொன்னதும் இதைத்தான். சவர்க்காரம் ஒரு துண்டு பையில் வையுங்கள். ஜெல் மட்டும் போதாது, நோரோ வைரஸ் என்ற சத்தி வைரஸை அது ஒழுங்காகக் கொல்லாது.

உவர்மலைக்காரி
எல்லோருக்கும் நன்றி. அவருக்கு வாசித்துக் காட்டினேன். பஃபேக் கதையில் முகம் மாறிவிட்டது. இப்போது அவர் சட்டம்: ஆவி வராததை யாரும் தொடக் கூடாது. அம்மாவின் ஒமேபிரசோலை டொக்டர் நிற்பாட்டச் சொல்லிவிட்டார், தேவையே இல்லையாம். இரண்டு ஊசியும் போட்டாயிற்று. போய் வந்து எழுதுகிறேன்.

உவர்மலைக்காரி
போய் வந்துவிட்டோம்! ஐந்து வாரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும்.

பத்துமலையில் அம்மா 272 படியும் ஏறினார், நாங்கள் மூச்சு வாங்க அவர் மேலே நின்று சிரிக்கிறார். பினாங்கில் இரவுக்கடைகளில்தான் சாப்பாடு. ஒரு சீனக் கிழவர் கரி அடுப்பில் ஒரு தடவைக்கு ஒரு தட்டு மட்டும் நூடில்ஸ் வறுக்கிறார், வரிசையில் 40 நிமிடம் நின்றோம், அவர் (என் அவர்!) தாச்சியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாங்கொக்கில் ஹோட்டல் காலைச் சாப்பாட்டில் ஒவ்வொரு மூடியாகத் திறந்து ஆவி பார்த்தார், வேலை செய்கிற பிள்ளை பரிசோதகர் வந்துவிட்டார் என்று பயந்துபோய் மனேஜரைக் கூட்டிவந்துவிட்டது. மகன் ஐஸ் கச்சாங் இரண்டு கிண்ணம். 11 நாளும் ஒருவருக்கும் ஒரு சத்தி இல்லை, ஒரு வயித்தோட்டம் இல்லை. பத்து ஜீவனியும் பெட்டிக்குள் அப்படியே திரும்பி வந்தது.

கட்டுநாயக்காவில் இறங்கி வான் பிடித்து வரும் வழியில், ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டினோம். ஊருக்கு வந்துவிட்டோம்தானே என்று அவர் இரண்டு மீன் ரோல்ஸ் தின்றார். இரவு 2 மணிக்குத் தொடங்கியது. மூன்று பக்கற் முடிந்து நாலாவதைக் கரைத்தேன்.

பழைய பீஎச்ஐ
எத்தனை மணிக்குத் தின்றார்? வேறு யார் தின்றது? கடைக்காரரிடம் எப்போது பொரித்தது என்று கேட்டீர்களா?

உவர்மலைக்காரி
பின்னேரம் 4.20. வேறு யாரும் இல்லை. கேட்கவில்லை ஐயா. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. உள்ளே ஒரு பல்ப் எரிந்துகொண்டிருந்தது, அதனால் சூடு என்று நினைத்தாராம்.